மறுதொடக்கம்: பலமும் பழுதும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானில் கணினியை நம்பி நடக்கும் எந்த அலுவலகத்திலும் சில நாள் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு காதில் விழும்.

"அண்ணே, சிஸ்டம் வரமாட்டேங்குது. ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

"சர்வர ஒருதடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாரும்மா."

சற்று நேரத்தில், "வந்துருச்சுண்ணே." அத்தோடு போன் வைக்கப்படும். ஏன் நின்றது என்று முகப்பில் இருக்கும் பெண்ணும் கேட்பதில்லை. மறுமுனையில் பேசியவரும் சொல்வதில்லை. இருவருக்கும் வேலை முடிந்துவிட்டது.

கிளினிக், கூட்டுறவுச் சங்கம், செம்பனைத் தோட்ட ஆபீஸ், உதிரிபாகக் கடை என்று இடம் மாறலாம். பின்னால் ஓடும் மென்பொருள் ஜாவாவில் எழுதப்பட்டதென்றால், அதைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் டாம்கேட் போன்ற ஒரு வலைச் சர்வர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதத் தொடங்கி, 1999இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்ட மென்பொருள் அது. காசு கொடுக்க வேண்டியதில்லை, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், நல்ல ஆவணங்கள் உண்டு. ஆனாலும் அது நின்றுபோகும்போது நம் கைக்கு முதலில் வருவது ஒரே வைத்தியம்தான்: நிறுத்தி மீண்டும் ஓட்டுவது.

இந்த வழக்கத்தைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கும் வல்லுநர்கள் இருக்கிறார்கள். இதுவே பராமரிப்பு என்று நம்பியிருக்கும் அலுவலகங்களும் இருக்கின்றன. இரண்டு பக்கமும் பாதி உண்மையைத்தான் பார்க்கிறது. மறுதொடக்கம் எங்கே நியாயமானது, எங்கே கேடு செய்கிறது என்று பிரித்துப் பார்க்கும் வேலையை நாம் இன்னும் செய்யவில்லை.

தூரத்தில் இருப்பவர்களின் நியாயம்

முதலில் மறுதொடக்கத்தின் பலத்தைச் சொல்ல வேண்டும். அது ஊரின் தூரத்திலிருந்து வருகிறது. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து ரயில் பாதை வந்து சேர்ந்த ஊர் தெலுக் இந்தான். 1989இல் அந்தச் சேவை நின்றது. இன்று ஈப்போவிலிருந்து ஒருவர் காரில் வர ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். கோலாலம்பூரிலிருந்து என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஜாவா தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளச் சிறிய அலுவலகங்களால் முடியாது. தெரிந்த பிள்ளைகளோ படிப்பு முடித்ததும் சைபர்ஜெயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள். மருந்துச் சீட்டுக்காக வயதானவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் சர்வரைத் தொடுவேன் என்று சொல்வது ஒழுக்கமல்ல, இரக்கமின்மை. சேவை திரும்ப வேண்டும். அதை விரைவாகச் செய்வது மறுதொடக்கம்தான்.

இதற்கு ஆய்வுலகின் ஆதரவும் உண்டு. நெடுநேரம் ஓடும் மென்பொருள் தேய்கிறது என்பதை 1995இலேயே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த யென்னுன் ஹுவாங், சந்திரா கிந்தலா முதலியோர் முறைப்படி எழுதினார்கள். விடுவிக்கப்படாத நினைவகம், மூடப்படாத கோப்புகள், சிறுகச் சிறுகச் சேரும் கணக்குப் பிழைகள் ஆகியவை தேய்மானத்தின் காரணங்கள். மென்பொருள் விழும்வரை காத்திராமல், ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் நாமே நிறுத்தி மீண்டும் ஓட்டுவது நல்ல உத்தி என்பது அவர்கள் வாதம். 2004இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கேண்டியா, அர்மாண்டோ ஃபாக்ஸ் குழுவினர் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். ஜேபாஸ் என்ற ஜாவா சர்வரில் ஓர் ஏலச் செயலியை ஓட்டி, முழுச் சர்வரையும் நிறுத்தாமல் கெட்டுப்போன சிறு பகுதியை மட்டும் மறுதொடக்கம் செய்து காட்டினார்கள். பயனர்களுக்கு ஏற்பட்ட இடையூறு பெருமளவு குறைந்தது. ஆக, மறுதொடக்கம் ஒரு நாட்டு வைத்தியம் மட்டும் என்று சொல்ல முடியாது; பொறியியலில் அதற்கு மரியாதையான இடம் இருக்கிறது.

பலரும் நினைத்துப் பார்க்காத இன்னொரு பலமும் உண்டு. பல மாதம் நிறுத்தாமல் ஓடும் சர்வர் நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. யாரோ ஒருவர் 'சர்வர்.எக்ஸ்எம்எல்' கோப்பில் ஒரு வரியைத் திருத்தியிருப்பார். அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போயிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டாம்கேட் அந்தக் கோப்பை மறுபடி படிப்பதில்லை. அடுத்த முறை தொடங்கும்போதுதான் தவறு வெளிப்படும். பேராக்கில் மாலை இடிமழைக்குப் பஞ்சமில்லை. மின்சாரம் 'டிரிப்' ஆகும் ஒரு மாலையில், திருத்தியவர் விடுப்பில் இருக்கும்போது, அந்த அடைப்புக்குறி எல்லாரையும் தவிக்க வைக்கும். நாமே நேரம் குறித்து, ஆள் கூட இருக்கும்போது மறுதொடக்கம் செய்தால் சர்வரால் எழுந்து நிற்க முடிகிறதா என்று தெரிந்துகொள்ளலாம். இது உண்மையான பயன்.

நிறுவும்போது வரும் கோளாறு வேறு

இனிப் பழுதுகளுக்கு வருவோம். முதல் பழுது, இந்த வைத்தியத்தை எல்லா நோய்க்கும் கொடுப்பது. ஜாவா சர்வரில் வரும் சிக்கல்களை இரண்டாகப் பிரித்தால் பாதிக் குழப்பம் தீரும்: நிறுவும்போது வருபவை, ஓடும்போது வருபவை. முதல் வகைக்கு மறுதொடக்கம் எந்தக் காலத்திலும் உதவாது. நூறு முறை தொடங்கினாலும் நூறு முறையும் அதே இடத்தில் அதே விதமாக விழும்.

எங்கள் ஊர்ச் சாய்ந்த கோபுரம் இதற்குப் பொருத்தமான உதாரணம். 1885இல் லியோங் சூன் சோங் என்ற ஒப்பந்தக்காரர் கட்டியது. ஊருக்குத் தண்ணீர் சேமிக்கும் தொட்டி அதற்குள் இருந்தது. இளகிய மண்ணும் தொட்டியின் பாரமும் சேர்ந்து கோபுரத்தைச் சாய்த்தன. மேலே இருக்கும் கடிகாரத்தை எத்தனை முறை நிறுத்தி ஓட்டினாலும் கோபுரம் நிமிராது. அடித்தளத்தில் இருக்கும் குறையை அடித்தளத்தில்தான் பார்க்க வேண்டும்.

நிறுவல் கோளாறுகள் பெரும்பாலும் சிலவற்றுக்குள் அடங்கிவிடும். ஜாவா எங்கே இருக்கிறது என்று சொல்லும் 'ஜாவா_ஹோம்' மாறி வைக்கப்படாமல் இருக்கும். அல்லது பழைய ஜாவாவை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டிருப்பார்கள், மாறி மட்டும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். டாம்கேட்டுக்கு வேண்டிய 8080 என்ற போர்ட்டை வேறொரு மென்பொருள் பிடித்து வைத்திருக்கும். லினக்ஸில் 1024க்குக் கீழுள்ள போர்ட்டைச் சாதாரணப் பயனர் கணக்கில் திறக்கப் பார்ப்பார்கள்; அனுமதி கிடைக்காது.

பதிப்பு பொருந்தாமை இன்னொன்று. ஜாவா 17இல் தொகுத்த நிரலை ஜாவா 8இல் ஓட்டினால், 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்' என்ற பிழை வரும். அதில் 61.0, 52.0 என்று இரண்டு எண்கள் இருக்கும். 61 என்பது ஜாவா 17, 52 என்பது ஜாவா 8. எது எதிர்பார்க்கப்பட்டது, எது கிடைத்தது என்று அந்த ஒற்றை வரியே சொல்லிவிடுகிறது. அதைப் படிக்காமல் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பவர்களைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம்.

அண்மை ஆண்டுகளில் பலரைத் திணறடித்தது டாம்கேட் 10. ஜாவாவின் நிறுவனப் பதிப்பை ஆரக்கிள் நிறுவனம் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்த பிறகு, 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய தொகுப்புப் பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறின. டாம்கேட் 9 வரைக்கும் பழைய பெயர், 10 முதல் புதிய பெயர். பழைய செயலியை அப்படியே கொண்டுபோய்ப் புதிய சர்வரில் போட்டால், சர்வர் எந்தப் புகாரும் இல்லாமல் எழுந்து நிற்கக்கூடும். பக்கத்தைத் திறந்தால் மட்டும், பக்கம் இல்லை என்ற 404 பிழை வரும். சர்வர் நன்றாகத்தானே ஓடுகிறது என்று நினைத்து மறுபடி மறுபடி தொடங்குவார்கள். தீர்வு வேறு இடத்தில் இருக்கிறது: செயலியின் நிரலை மாற்ற வேண்டும், அல்லது டாம்கேட் 10இல் 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' என்ற கோப்புறையில் பழைய செயலியை வைத்தால் அதுவே பெயர்களை மாற்றிக்கொள்ளும், அல்லது 9இலேயே இருக்க வேண்டும்.

இவற்றிலெல்லாம் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. பிழைச் செய்தி தெளிவாக இருக்கும், காரணம் மாறாது, பொறுமையாகப் படிப்பவருக்கு விடை கிடைத்துவிடும். ஆகவே முதல் தீர்ப்பு எளிது. புதிதாக நிறுவிய சர்வரோ, புதிய பதிப்பு ஏற்றிய சர்வரோ எழவில்லை என்றால் மறுதொடக்கத்தை மறந்துவிடுங்கள். சர்வர் தன் நடப்பைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்து, வரிசையாக ஓடும் பிழைகளில் கடைசியாக வரும் 'காஸ்ட் பை' என்ற வரியைத் தேடுங்கள்.

ஒவ்வொரு காலையும் நிற்கும் சர்வர்

ஓடும்போது வரும் கோளாறுகளில்தான் மறுதொடக்கம் மயக்குகிறது. ஏனென்றால் அங்கே அது பலிக்கிறது.

ஒரு கிளினிக்கை எடுத்துக்கொள்வோம். மாலை 6 மணிக்கு மூடி, காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள். ஒவ்வொரு காலையும் முதல் நோயாளியின் பெயரைத் தட்டியதும் பிழை வருகிறது. சர்வரை மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடுகிறது. அன்று முழுதும் தொல்லை இல்லை. மறுநாள் காலை மீண்டும் அதே கதை. சில மாதத்தில் 'காலையில் வந்ததும் சர்வரை ரீஸ்டார்ட் செய்யவும்' என்ற தாள் சுவரில் ஒட்டப்படும். புதிதாக வேலைக்கு வரும் பெண்ணுக்கு விளக்கு போடுவது, கதவு திறப்பது போல இதுவும் ஒரு வேலையாகச் சொல்லிக்கொடுக்கப்படும்.

காரணம் ஓர் எண்ணில் இருக்கிறது: 28,800. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும் ஓர் இணைப்பை இத்தனை நொடிக்குப் பிறகு தானே துண்டித்துவிடும். அதாவது 8 மணி நேரம். ஜாவா பக்கத்திலோ, ஒவ்வொரு முறையும் புதிதாக இணைப்பு எடுப்பது தாமதம் என்பதால், சில இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும் 'கனெக்‌ஷன் பூல்' இருக்கிறது. மாலை 6 முதல் காலை 9 வரை 15 மணி நேரம் யாரும் எதையும் தொடவில்லை. இரவு 2 மணிக்கே தரவுத்தளம் இணைப்புகளைத் துண்டித்துவிட்டது. பூலுக்கு அது தெரியாது. காலையில் செத்த இணைப்பைக் கொடுக்கிறது. முதல் கேள்வியே விழுகிறது. மறுதொடக்கம் செய்தால் எல்லா இணைப்பும் புதிதாக வருகிறது. பகலில் 8 மணி நேர இடைவெளி விழ வாய்ப்பில்லை என்பதால் மாலை வரைக்கும் ஓடுகிறது.

இதைச் சரிசெய்ய வேண்டியது அமைப்புக் கோப்பில் ஓரிரு வரிதான். இணைப்பைக் கொடுக்கும் முன் 'செலக்ட் 1' என்ற சின்னக் கேள்வி கேட்டு உயிர் இருக்கிறதா என்று சோதித்துக் கொடு என்று பூலுக்குச் சொல்ல வேண்டும். டாம்கேட்டின் சொந்த ஜேடிபிசி பூலில் இந்தச் சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். நாம்தான் இயக்க வேண்டும்.

இந்த உதாரணத்தில் நான் முக்கியமாகக் கருதுவது தீர்வை அல்ல. இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ஜாவா தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியையும் நேரத்தையும் மட்டும் எழுதி வந்தால் போதும். எல்லாப் பதிவும் காலை 9 மணியைச் சுற்றியே விழும். பொது விடுமுறைக்கு அடுத்த நாளிலும் தவறாமல் வரும். அந்தப் பக்கத்தைத் தொழில்நுட்பரிடம் காட்டினால், நீண்ட ஓய்வுக்குப் பிறகுதான் வருகிறது என்ற துப்பு அவருக்கு உடனே கிடைத்துவிடும். முகப்பில் இருக்கும் பெண் இங்கே மறுதொடக்கப் பொத்தானை அழுத்தும் கை மட்டும் இல்லை. முதல் சாட்சியே அவர்தான். அந்தச் சாட்சியிடம் யாரும் வாக்குமூலம் வாங்குவதில்லை என்பதுதான் நம் பழக்கத்தின் பெரிய குறை.

எதை அழிக்கிறது, எதை விட்டுவைக்கிறது

மறுதொடக்கம் எல்லாத் தடயத்தையும் அழித்துவிடும் என்று சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். லாக் கோப்புகள் வட்டில் இருப்பவை. அவை அப்படியே இருக்கும். அழிவது நினைவகத்தில் இருப்பவை: எந்த வேலை எந்த வரியில் நின்றுபோனது, எந்தப் பொருள் நினைவகத்தை அடைத்துக்கொண்டது என்பவை. சில நோய்களுக்கு அந்தத் தடயம்தான் எல்லாம்.

டாம்கேட் இயல்பாக ஒரே நேரத்தில் 200 கோரிக்கைகள் வரை கையாளும். ஒவ்வொன்றையும் கவனிக்க ஒரு 'திரெட்', அதாவது தனி இயக்க இழை. 2024 ஆகஸ்ட் 1 முதல் மலேசியாவில் மின்விலைப்பட்டியல் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. வங்கி, காப்புறுதி, வரி என்று நம் சிற்றூர்ச் செயலிகளும் இன்று வெளியே உள்ள சேவைகளோடு பேச வேண்டியிருக்கிறது. வெளிச் சேவை ஒன்றின் பதில் தாமதமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாவின் பழைய 'எச்டிடிபி' இணைப்பு வகுப்பில், நாம் எல்லை குறிக்காவிட்டால் காத்திருப்புக்கு முடிவே கிடையாது. ஒவ்வொரு திரெட்டாகக் காத்திருப்பில் சிக்கும். 200உம் சிக்கியதும் சர்வர் உயிரோடு இருக்கும், ஆனால் யாருக்கும் பதில் சொல்லாது. பிழை அந்த வெளிச் சேவையினுடையது அல்ல. எல்லை குறிக்காமல் எழுதிய நம் நிரலினுடையது. லாக் கோப்பில் ஒரு வரிகூட இருக்காமல் போகலாம். ஏனென்றால் எதுவும் இன்னும் தோற்கவில்லை, காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த நிலையில் 'ஜேஸ்டாக்' என்ற கட்டளையை ஓட்டினால், 200 திரெட்டும் ஒரே வரியில் நிற்பது சில நொடியில் தெரிந்துவிடும். லினக்ஸில் 'கில் -3' கட்டளையும் இதையே செய்யும். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம், அது ஜாவாவைக் கொல்லாது, நிலையை லாக்கில் எழுதிவிட்டு ஓடவிடும். பத்து நொடி இடைவெளியில் மூன்று முறை எடுத்தால் எது நகர்கிறது, எது நகரவில்லை என்பதும் விளங்கும். இதற்கு முன்பே மறுதொடக்கம் செய்துவிட்டால் 200 சாட்சிகளும் போய்விடுகின்றன. அடுத்த முறை நிற்கும்போது மீண்டும் தொடக்கத்திலிருந்து வர வேண்டும்.

மறுதொடக்கமே புதுச் சிக்கலைக் கொண்டுவருவதும் உண்டு. நிறுத்து என்று சொன்னாலும், செயலி தொடங்கிவைத்த ஏதோ ஒரு திரெட் முடியாமல் நின்றால் பழைய ஜாவா இறங்காது. அது தெரியாமல் மீண்டும் தொடங்கினால், 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று புதியது விழும்; 8080 இன்னும் பழையதன் கையில் இருக்கிறது. இப்போது அலுவலகத்தில் இருப்பவருக்கு இரண்டு கோளாறுகள். முதலாவது என்னவென்றே மறந்துபோகும்.

டகரானில் ஒரு பாடம்

மறுதொடக்கத்தின் பலத்தையும் பழுதையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி 1991இல் வளைகுடாப் போரில் நடந்தது. பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் டகரானில் இருந்த அமெரிக்கப் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு நிலையம், வந்த ஸ்கட் ஏவுகணையை மறிக்கவில்லை. 28 வீரர்கள் மாண்டார்கள். அந்த நிலையத்தின் கணினி 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. பத்தில் ஒரு நொடியை இரும எண்ணில் எழுதும்போது விட்டுப்போகும் மிகச் சிறிய பின்னம், அத்தனை மணி நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடியாக வளர்ந்துவிட்டது. ஏவுகணையின் வேகத்துக்கு அந்தப் பிழை போதும். கணினி அதைத் தவறான இடத்தில் தேடியது.

இடையிடையே நிறுத்தி மீண்டும் தொடங்கியிருந்தால் அந்தப் பிழை சுழியத்துக்குத் திரும்பியிருக்கும். அந்த அளவில் மறுதொடக்கம் உயிர் காத்திருக்கும். ஆனால் நிலையங்களுக்குச் சில நாள் முன்பு போன எச்சரிக்கையில், மிக நீண்ட நேரம் ஓட்டினால் பிழை வரலாம் என்று மட்டுமே இருந்தது. மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி என்று சொல்லப்படவில்லை. திருத்திய மென்பொருள் டகரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், 26ஆம் தேதி.

இதற்கு மாறாக 2015ஐப் பாருங்கள். போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு கணக்கு எண் 248 நாள் தொடர்ந்து ஓடினால் நிரம்பி வழியும் என்று தெரியவந்தது. அதற்குள் மின்சாரத்தை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும் என்று அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் ஆணை பிறப்பித்தது. இங்கேயும் வைத்தியம் மறுதொடக்கம்தான். ஆனால் காரணம் தெரியும், கெடு தெரியும், மென்பொருளைத் திருத்தும்வரைதான் இந்த ஏற்பாடு என்பதும் தெரியும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அளவுகோல் கிடைக்கிறது. காரணம் அறிந்து, கெடு குறித்துச் செய்யும் மறுதொடக்கம் பொறியியல். காரணமும் தெரியாமல் கெடுவும் இல்லாமல் செய்வது நம்பிக்கை. அது பலிக்கும் நாள்வரை பலிக்கும்.

இயந்திரங்கள் வைத்துக்கொண்ட எல்லை

மறுதொடக்கத்தைத் தானியங்கியாக்கியவர்களே அதை எல்லையில்லாமல் நம்பவில்லை. லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி, நாம் சொல்லிவைத்தால் விழுந்த சேவையை எழுப்பும்; ஆனால் இயல்பான அமைப்பில் 10 நொடிக்குள் 5 முறை தொடங்கியும் நிலைக்காவிட்டால் கைவிட்டுவிடும். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் கியூபர்நெட்டீஸ், விழுந்துகொண்டே இருக்கும் செயலியை 10, 20, 40 நொடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், 5 நிமிடம் வரை காக்க வைக்கும். மீண்டும் மீண்டும் விழுவது தன்னால் தீர்க்க முடியாத சிக்கல் என்று ஒப்புக்கொண்டு மனிதனைக் கூப்பிடும் ஏற்பாடு அது. நம் அலுவலகங்களில் அந்த எல்லை இல்லை. தினமும் மறுதொடக்கம் செய்கிறோம், ஆண்டுக்கணக்கில் செய்கிறோம், யாரையும் கூப்பிடுவதில்லை.

இரவு 3 மணிக்குத் தானே மறுதொடக்கம் ஆகும்படி வைத்துவிடும் வழக்கத்தையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். நினைவகக் கசிவு இருக்கும் செயலிக்கு அது ஆறுதல். ஆனால் கசிவு நிற்பதில்லை. பயனர் கூடக்கூட அதன் வேகமும் கூடும். ஒரு நாள் அந்த நேரத்துக்கு வெகு முன்பே, பகல் 3 மணிக்கே நினைவகம் தீர்ந்துபோகும். அப்போது பல மாதக் கசிவைப் பற்றி ஒரு குறிப்பும் யாரிடமும் இருக்காது.

சாட்சி சேகரிப்பதற்கும் விலை உண்டு

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். தடயம் எடுப்பது இலவசமல்ல. திரெட் நிலையைப் பதிவதற்குச் சில நொடி போதும். ஆனால் நினைவகம் முழுவதையும் வட்டில் எழுதும் 'ஹீப் டம்ப்' நேரம் பிடிக்கும். எழுதி முடியும்வரை செயலி நின்றுபோகும். கோப்பு பல கிகாபைட் இருக்கும், வட்டே நிரம்பிவிடலாம்.

அதைவிடக் கவலை தருவது வேறு. அந்தக் கோப்புக்குள் நோயாளியின் பெயர், ஐசி எண், கடவுச்சொல் எல்லாம் வெறும் எழுத்தாகவே கிடக்கும். அதை வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பி, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பது ஆபத்தான செயல். மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கிளினிக் நடத்துபவர் அதற்குக் கட்டுப்பட்டவர். ஆகவே எல்லாவற்றையும் எடுத்து வை என்று கண்மூடிச் சொல்வது, கண்மூடி மறுதொடக்கம் செய்வதைப் போன்ற தவறுதான். நேரத்தைக் குறிப்பதும் திரெட் நிலையை எடுப்பதும் எப்போதும் செய்யத்தக்கவை. ஹீப் டம்ப் தேவையென்றால் மட்டும். அதையும் பொறுப்பானவர் அந்தச் சர்வரிலேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த வேலையின் பெரும்பகுதியை நிறுவும் நாளிலேயே முடித்துவிடலாம் என்பதும் நல்ல செய்தி. டாம்கேட்டின் 'பின்' கோப்புறையில் 'செட்என்வ்' என்ற கோப்பு இயல்பாக இருக்காது. நாமே உருவாக்க வேண்டும். நினைவகம் தீர்ந்தால் தானாக ஹீப் டம்ப் எழுதி வை என்று ஒரு வரி, எங்கே எழுத வேண்டும் என்று ஒரு வரி, அதிகபட்ச நினைவகம் எவ்வளவு என்று ஒரு வரி. நினைவக அளவைச் சொல்லாவிட்டால் ஜாவா பொதுவாகக் கணினியின் மொத்த நினைவகத்தில் கால்பங்கை எல்லையாக எடுத்துக்கொள்ளும். 4 கிகாபைட் உள்ள பழைய கணினியில் அது 1 கிகாபைட்தான். லினக்ஸில் 'கேட்டலினா.அவுட்' என்ற லாக் கோப்பு தானாகச் சுழலாது. அது வளர்ந்து வளர்ந்து வட்டை நிரப்பினால் எந்த மறுதொடக்கமும் உதவாது. அதற்கும் அன்றே ஏற்பாடு செய்ய வேண்டும்.

தீர்ப்பு

எடைபோட்டுப் பார்த்தால் என் முடிவு இதுதான். மறுதொடக்கத்தைக் கைவிடத் தேவையில்லை, கைவிடவும் கூடாது. நிறுவல் கோளாறுக்கு அது வீண். ஓடும் கோளாறுக்கு அது முதலுதவி; ஆனால் நேரத்தைக் குறித்து, திரெட் நிலையை எடுத்து வைத்த பிறகே செய்ய வேண்டும். அந்த இரண்டு நிமிடத் தாமதத்தை எந்த வாடிக்கையாளரும் பொறுத்துக்கொள்வார். ஒரே கோளாறுக்கு மூன்றாவது முறை மறுதொடக்கம் செய்ய நேர்ந்தால், அது கோளாறாகப் பதிவாகி, காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பு ஒருவர் பெயரில் விழ வேண்டும். திட்டமிட்ட மறுதொடக்கத்துக்குக் காரணமும் முடிவுத் தேதியும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதில் நம் பிள்ளைகளின் எதிர்காலமும் இருக்கிறது. ஜெண்டராட்டா, நோவா ஸ்கோஷியா, சப்ராங் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணினித் துறைக்குப் போகிறார்கள். ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கிலும் கம்பாரில் உள்ள பல்கலைக்கழகத்திலும் படித்து வெளிவருகிறார்கள். பலருக்கு முதலில் கிடைப்பது தொலைபேசியில் உதவி சொல்லும் வேலை. ரீஸ்டார்ட் பண்ணுங்க என்று மட்டும் சொல்லத் தெரிந்தவர் அந்த நாற்காலியிலேயே இருந்துவிடுவார். அந்த வேலையை ஒரு தானியங்கிக் குரல் நாளைக்கே எடுத்துக்கொள்ளும். லாக் படிக்கத் தெரிந்தவர், திரெட் நிலையைப் பார்த்து இங்கேதான் நிற்கிறது என்று விரல் வைக்கத் தெரிந்தவர் மேலே போவார்.

ஆகவே கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் அலுவலகம் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சர்வர் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வையுங்கள். தேதி, நேரம், திரையில் வந்த பிழை, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தோம், யார் மறுதொடக்கம் செய்தார் என்று ஐந்து கட்டம் போடுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். சர்வரைப் பழுது பார்க்கும் வேலை அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.